நீ மட்டும்தான்

பத்துமியில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை.
அன்றும் அப்படித்தான்.
பள்ளியிலிருந்து திரும்பும் பத்தாம் எண் பேருந்து,
கண்ணாடியெல்லாம் ஆவி.
எலீசோ அதில் விரலால் கரடி வரைந்தாள்,
ஒரு காது மடங்கிய கரடி.

எனக்கு அந்தக் கரடியைத் தெரியும்.

நான்கு மாதமாக, இரவு பதினொன்று தாண்டினால்
என் தலையணைக்கு அடியில் அது வந்து அதிரும்.
சாந்த்ரோ அனுப்புவான்.
வயது பதினான்கு, குத்தாயிசியில் வீடு,
நாய் இருக்கிறது, தங்கை இறந்துவிட்டாள்.
அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

முதலில் விளையாட்டுக்குள்தான் வந்தான்.
நான் கட்டிய கோட்டைக்கு ஒரு கதவு வைத்துக் கொடுத்தான்.
கதவு வைத்தவனிடம் சாவியும் இருக்கும் என்று
பன்னிரண்டு வயதில் தோன்றவில்லை.

பிறகு சின்னச் சின்னக் கேள்விகள்.
உன் ஜன்னலில் என்ன தெரியும்?
துறைமுகத்து மஞ்சள் கிரேன்.
எத்தனையாவது மாடி?
நான்கு. எதிர்வீட்டுச் சுவருக்குக் கப்பி கட்டித்
துணி உலர்த்துவோம்.
அப்பா?
போலந்தில் லாரி ஓட்டுகிறார்.
அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாள்?
சூதாட்ட விடுதியில் துண்டு மடிக்கிற வேலை,
எட்டுக்குப் போனால் விடிந்துதான்.

என்னை யாரும் அவ்வளவு கேட்டதில்லை.
கேட்கப்படுவது
ஜனவரியில் கணப்பருகே உட்காருவது மாதிரி.

பிறகு படம் கேட்டான்.
முகம்.
பிறகு, முகம் போதாது.

அனுப்பினேனா என்று நீங்கள் கேட்கக் கூடாது.
எலீசோகூடக் கேட்கவில்லை.
அவள் கேட்டது இவ்வளவுதான்:
"உனக்கும் கரடியா?"

இரண்டு போனையும் என் புத்தகப்பைமேல்
பக்கம்பக்கமாக வைத்தோம்.
"என்னைப் புரிந்துகொண்டது நீ மட்டும்தான்."
அவளுக்கு 11:04.
எனக்கு 11:06.
இரண்டிலும் 'மழை' என்ற சொல்லில்
அதே எழுத்து விடுபட்டிருந்தது.
"அம்மாவிடம் சொல்லாதே, போனைப் பிடுங்கிவிடுவாள்."
அதுவும் இரண்டு பேருக்கும்.

முதலில் வந்தது பயமில்லை.
சொல்ல வெட்கமாக இருக்கிறது: பொறாமை.
அந்த இரண்டு நிமிடத்துக்காக,
மூன்று நிறுத்தம் வரைக்கும்
எலீசோவை வெறுத்தேன்.
அப்புறம்தான் வயிறு புரட்டியது.

மறுநாள் உடைமாற்றும் அறையின் கண்ணாடியில்
அவள் ஊதி ஊதிக் கரடியை வரைந்தாள்.
யாரும் பேசவில்லை.
லிலே ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்,
கட்டியதையே திரும்பத் திரும்ப.
தினாராதான் தன் போனை பெஞ்சில் வைத்தாள்.
பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.
எங்களோடு சேர்த்து
ஏழு 'நீ மட்டும்தான்'.
யாரோ சிரித்தாள். அந்தச் சிரிப்பு
பாதி வழியில் வேறொன்றாகிவிட்டது.

பகலில் தூங்கும் அம்மாவை எழுப்பக் கூடாது என்பது
எங்கள் வீட்டுச் சட்டம்.
எழுப்பினேன்.
படித்தாள். மேலிருந்து கீழ்வரை,
கண்ணாடியை ஒருமுறை துடைத்துக்கொண்டு படித்தாள்.
போனைப் பிடுங்கவில்லை.
செருப்பை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு
அந்த மழையில் காவல் நிலையம்வரை
என் கையை விடாமல் நடந்தாள்.

அங்கிருந்த அதிகாரிப் பெண் 'கரடி' என்று எழுதினாள்,
அடித்தாள்,
மறுபடியும் 'கரடி' என்றே எழுதினாள்.

சாந்த்ரோ இன்னும் அகப்படவில்லை.
கணக்கை மூடியாயிற்று என்றார்கள்.
கணக்கு என்பது ஆள் இல்லை,
அது எனக்கும் தெரிகிறது.

இன்று பேருந்தில்
லிலேவின் பக்கத்து இருக்கை காலி.
உட்கார்ந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை,
கேள்விகளைப் பற்றி எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.
ஆவி படிந்த கண்ணாடியில் கரடி வரைந்தேன்.
அதன் கீழே ஏழு கோடு போட்டேன்.
கோடுகள் ஒழுகின.

மஞ்சள் கிரேன் கடந்துபோனது.
சந்தை கடந்துபோனது.
அவள் இறங்கவேண்டிய நிறுத்தமும் கடந்தபிறகு
லிலே ஒரு கையுறையைக் கழற்றினாள்.

ஏழுக்குப் பக்கத்தில்
இன்னொரு கோடு,
மிக மெதுவாக.